மூன்று பெட்டிகளையும் ஒரே பாயில் கொட்டி எண்ண வேண்டுதல்

அனுப்புநர்
லெப்பேகா தோவியோ,
பேச்சாளர், மாதர் சபை,
மோத்துஃபாலா கிராமம்,
டோக்கெலாவ் தீவுகள்.

பெறுநர்
உயர்திரு வாக்கெடுப்பு அலுவலர் அவர்கள்,
டோக்கெலாவ் தன்னாட்சி வாக்கெடுப்பு,
முகாம்: ஆப்பியா துறைமுகம், சமோவா.

பொருள்: தன்னாட்சி வாக்கெடுப்பு – மூன்று தீவுகளின் வாக்குப் பெட்டிகளையும் எண்ணுவதற்கு முன் ஒன்றாகக் கலந்துவிடவும், தீவுவாரியான எண்ணிக்கையை எவருக்கும் வெளியிடாதிருக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவைத் தாங்கள் தனியாக இருக்கும்போது படிக்குமாறு முதலில் கேட்டுக்கொள்கிறேன். அதிகாரிக்கு எழுதும் கடிதத்தைச் சபை வீட்டில் எல்லோர் முன்னும் உரக்கப் படிப்பது எங்கள் ஊரில் மரியாதை. இந்த ஒரு கடிதத்துக்கு அந்த மரியாதை வேண்டாம். பதிலை வானொலி வழியாகவும் அனுப்ப வேண்டாம். வானொலியில் ஒருவருக்கு வரும் செய்தியைப் பன்றிகள் நீங்கலாக ஊரே கேட்கும். இதைக் கொண்டுவரும் செவிலி அம்மையாரிடம் மருந்துச் சீட்டு என்று சொல்லித்தான் கொடுத்தனுப்புகிறேன்.

1. நான் மோத்துஃபாலாவில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் தோவியோ ஊர் மீனைக் கூறு வைப்பவர். ஊர் ஆண்கள் சேர்ந்து பிடித்து வரும் மீனைக் கரையில் ஓலைமேல் பரப்பி, எந்த வீட்டில் எத்தனை வாய் என்று மனக்கணக்காகவே பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் உரிய குடும்பத்தின் பெயரை அவர் அழைப்பார். கடலுக்குப் போனவனுக்கும் போகாதவனுக்கும், படுத்த படுக்கையில் இருப்பவருக்கும் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் எங்களிடம் பங்கு ஒன்றுதான். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. என்னுடைய பயம் இந்தக் கூறு வைப்பதில்தான் தொடங்குகிறது.

2. நியூசிலாந்தோடு உறவை வைத்துக்கொண்டே எங்களை நாங்களே ஆளும் நாடாக வேண்டுமா என்று சென்ற ஆண்டு எங்களைக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் ‘வேண்டும்’ என்றிருக்க வேண்டும். சிறு குறையில் அது தவறிப்போயிற்று. இப்போது மறுபடியும் கேட்கிறீர்கள். இன்னும் பிறர் ஆளுகையில் இருக்கும் நாடுகள் என்று உலகத்தார் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம், அதில் எங்கள் பெயர் இருக்கிறதாம். அதைப் பார்த்து எங்களைவிட வெளியூர்க்காரர்களுக்குத்தான் அதிகம் வெட்கமாக இருக்கிறது போலும். கோட்டுப் போட்ட விருந்தினர் பலர் வந்து, எங்கள் சீமைப்பலாவைத் தின்று, எங்கள் விடுதலையைப் பற்றி எங்களிடமே கண் கலங்கிப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை.

3. நான் தன்னாட்சிக்கு எதிரி அல்ல. எங்கள் பிள்ளைகள் மரப்பெட்டியைத் தட்டி எங்கள் மொழியில் பாடி ஆடும்போது, இந்த மொழி பேச இவ்வளவு கொஞ்சம் பேர் இருந்தும் இது ஒரு நாடுதான் என்று எனக்கு நெஞ்சு விம்மும். ஆனால் என் மகள் தெலேஹா நியூசிலாந்தில் பொரிருவா நகரில் இருக்கிறாள். அவளுடைய சின்னவனுக்கு இரத்தத்தில் நோய். பெரிய மருத்துவமனையில் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு எங்கள் ஊருக்குள் கடல் வந்த அந்தப் புயல். வீட்டின் ஒரு பக்கம் நுழைந்த அலை மறு பக்கம் வெளியேறியதை நான் தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்தேன். அன்று எங்களுக்குக் கப்பல் வந்தது. ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்ன பிறகும் கப்பல் வருமா? குடியுரிமை மாறாது, மருத்துவம் மாறாது, கப்பலும் வரும் என்று தங்கள் துறையினர் பொறுமையாக விளக்கினார்கள். அவர்கள் பேசியவரை நம்பினேன். அவர்கள் படகு ஏறியதும் அந்த நம்பிக்கையும் கூடவே ஏறிப்போய்விட்டது. நான் எதைக் குறிக்கப் போகிறேன் என்பதை இம்மனுவில் எழுதவில்லை. தாங்களும் அதை அறிய வேண்டியதில்லை என்பதுதான் என் மனுவே.

4. எங்கள் ஊரில் ஒரு காரியம் முடிவாகும் முறை தங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியோர் சபை உட்காரும். பேசுவார்கள், சாப்பிடுவார்கள், மறுபடி பேசுவார்கள். எல்லோர் வாயிலும் ஒரே சொல் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். அந்தச் சொல் வந்துவிட்டால் அதுதான் ஊர்ச் சொல். அதற்குப் பிறகு ஒருவன் வேறு சொன்னால் அதை அவனுடைய கருத்து என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ஊரோடு அவனுக்கு என்ன பகை என்றுதான் பார்ப்பார்கள். கை தூக்கி எண்ணுகிற வழக்கமே எங்களுக்கு இல்லை. இந்த வாக்கெடுப்பிலும் ஊர்ச் சொல் முன்பே முடிந்துவிட்டது. ‘வேண்டும்’ என்பதே அது. மாதர் சபைக்காக அதை எழுந்து சொன்னவளும் நான்தான். அன்று தலைமை தாங்கிய பெனேஹே ஐயா என்னைப் பார்த்து மகிழ்ச்சியோடு தலையசைத்தார். பாம்பும் சாகக்கூடாது, கம்பும் முறியக்கூடாது என்று நினைப்பவள் வேறு என்ன சொல்வாள்?

ஊர்ச் சொல் இப்படி ஒன்றாக இருக்க, சென்ற ஆண்டு மூன்று தீவுகளின் பெட்டிகளையும் திறந்தபோது ‘வேண்டாம்’ என்ற சீட்டுகள் குவியலாக வந்தன. முகத்துக்கு நேரே ஒன்று, மறைப்புக்குள் ஒன்று என்று இத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று ஊர் திகைத்தது. உண்மையில் திகைக்க ஒன்றுமில்லை. பெரியவர்கள் முன் குனிந்தே நடந்து பழகியவர்களைத் திடீரென்று ஒரு துணிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கச் சொன்னீர்கள். நிமிர்ந்தவர்கள் நினைத்ததைச் செய்துவிட்டார்கள்.

5. அதன் பிறகு நடந்ததைத் தெரிவிக்கிறேன். பிலோமேனா என்பவர் கணவனை இழந்தவர், எனக்கு அக்கா முறை. அவருடைய மகன்கள் இருவரும் நியூசிலாந்தில். வாக்களித்த அன்று அவர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததால் மறைப்புக்குள் சற்று அதிக நேரம் நின்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. முடிவு தெரிந்ததும், பாய் முடையும் இடத்தில் ஒருத்தி, “யாரு எவ்வளவு நேரம் உள்ள நின்னாங்கன்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றாள். பெயர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது.

அவரை ஒருவரும் ஏசவில்லை, அடிக்கவில்லை, ஒதுக்கவில்லை. எங்கள் ஊர் நல்ல ஊர் என்பதைத் தாங்கள் மறக்கக்கூடாது. அடுத்த முறை சூரை மீன் நிறையக் கிடைத்தபோது, பெனேஹே ஐயா கரைக்கு வந்து நின்று, கூறு வைத்துக்கொண்டிருந்த என் கணவரிடம் இப்படிச் சொன்னார்:

“பிலோமேனாவுக்குப் பெரிய மீனா வையுங்கப்பா. நம்ம கையால சோறு கிடைக்குமான்னு பயந்தவங்க அவங்க.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கரையில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் பெரிய மீனை எடுத்து அந்தக் கூறின்மேல் வைத்தார். ஐயா சொன்ன பிறகு வைக்காமல் இருக்க முடியாது. பிலோமேனா ஓலைக்கூடையோடு வந்து, வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மீன்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. என் கணவர் பெயரை அழைத்தார். மறுபடி அழைத்தார். பிள்ளைகள் தங்கள் தங்கள் கூடையோடு போய்விட்டார்கள், அந்தக் கூறு மட்டும் வெயிலில் கிடந்தது. ஒருவர் பங்கை மற்றவர் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். ஈ மொய்த்தது, நாற்றம் எடுத்தது. ஊர் முழுவதும் அந்த வழியாகப் போய்வந்தது, ஆனால் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். இங்கே பங்கை எடுக்க வராமல் இருப்பது, நான் இந்த ஊர்க்காரி இல்லை என்று சொல்வதற்குச் சமம். என் கணவர்தான் கடைசியில் அதைப் பன்றிகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை.

பிலோமேனா மகன்களிடமே போய்விடக் கப்பலேறும் நாளில் நான் அவருடைய பாய்ச்சுருட்டைத் தூக்கிக்கொண்டு படகுவரை போனேன். வழியில் என்னிடம், “திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன் லெப்பேகா. பெரிய மீனா வச்சாங்க பாரு, அதுதான் தொண்டையில முள்ளா நிக்குது” என்றார். அவர் குறித்தது வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது, கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

6. ஐயா, இத்தனையும் நடந்தது மூன்று தீவுகளின் மொத்தக் கணக்கு மட்டும் எங்கள் காதுக்கு எட்டிய நிலையில். அப்போது ஒவ்வொரு தீவும் அடுத்த தீவைக் கை காட்டித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. அடுத்த தீவுக்காரன் கெடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்று தங்களுக்குத் தெரியாது. இந்த முறை தீவுவாரியாக எண்ணி, தீவுவாரியாகவே அறிவிக்கப்போகிறார்கள் என்று போன கப்பலில் வந்த சமையல்காரர் சொன்னார். அது வதந்தியாகவும் இருக்கலாம். வதந்தி என்று நினைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

அதைக் கேட்ட அன்று சாப்பிடும்போது இதைப் பற்றி என் கணவரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் தேங்காய்ப்பாலில் தோய்த்த மீனை மென்றுகொண்டே சிரித்தார்.

“நம்ம தீவுக்கு இத்தனை ‘வேண்டாம்’னு ஒரு எண்ணிக்கை மட்டும் கொடுக்கட்டும். எந்தெந்த வீடுன்னு உட்கார்ந்த இடத்துல பிரிச்சு வச்சுடுவேன். கூறு வைக்கிறவன் கண்ணுக்கு எது தப்பும்? நீ ஏன் முகத்தை இப்படி வச்சிருக்க? மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது பொய்யில்லை. எங்கள் தீவில் வாக்காளர் இருநூறு சொச்சம் பேர். யார் மகன் எங்கே, யார் மருந்து எங்கிருந்து வருகிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். ஒரு மீன் குவியலைக் கண்ணால் பார்த்தே வீடு வீடாகப் பிரித்துவிடும் ஊருக்கு, ஒரு சின்ன எண்ணிக்கையைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தப்பாகப் பிரித்தாலும் பிரித்ததுதான். பிலோமேனாவுக்கு நடந்தது அதுதானே. அடுத்த பெரிய மீன் எந்தக் கூறின்மேல் வரும் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன். அதை வைக்கப்போகும் கை என் வீட்டுக்காரர் கை. என் பெயரை அழைக்கப்போவதும் அவர் குரல்.

அந்த நாளிலிருந்து நான் வாயைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன். மகளோடு தொலைபேசியில் பேசுவதைக் குறைத்துவிட்டேன். பேரன் உடம்பு எப்படி என்று மற்றவர்கள் விசாரித்தால், நன்றாக இருக்கிறான், ஊசிகூட இல்லை என்று பொய் சொல்கிறேன். பிள்ளைக்கு நோய் என்று சொன்னால் அதையும் என் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என் வாயாலேயே அவனுக்கு நோயில்லை என்று சொல்லும்போது எனக்கு அழுகை வருகிறது.

7. இதை ஏன் பெரியோர் சபையிடமே கேட்கவில்லை என்று தாங்கள் வினவலாம். பெட்டிகளைக் கலக்குங்கள் என்று நான் சபையில் கேட்டால், எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று கேட்டபின் நான் எந்தப் பதில் சொன்னாலும் அதையே என் வாக்காக எண்ணிவிடுவார்கள். ஆகையால்தான் கடல் கடந்து தங்களிடம் வருகிறேன். எங்கள் தலைவிதியை நாங்களே முடிவு செய்யலாம் என்று சொல்லித்தானே பெட்டியை அனுப்புகிறீர்கள்? நாங்கள் என்கிற அந்தச் சொல்லுக்குள் பயந்தவர்களும் இருக்கிறோம். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் வேண்டும் என்று வருகிற முடிவை வைத்து ஒரு நாட்டைக் கட்டினால், அந்த நாடு எத்தனை புயல் தாங்கும்? இதைச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

8. எனவே தாங்கள் கருணை கூர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டுகிறேன்.

(அ) மூன்று தீவுகளிலும் வாக்களித்து முடியும்வரை எந்தப் பெட்டியையும் திறக்கக்கூடாது. கடைசித் தீவில் மூன்றையும் ஒரே தாழம்பாயில் கொட்டி, கையால் அளைந்து கலந்த பிறகுதான் முதல் சீட்டைப் பிரிக்க வேண்டும். பாய் இல்லையென்றால் மாதர் சபை தரும். தங்கள் கப்பலில் நாங்களே முன்கூட்டி ஏற்றிவிடுகிறோம், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

(ஆ) சீட்டுகளில் எந்தத் தீவு என்று காட்டும் குறியோ நிறமோ இருக்கக்கூடாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பென்சில் வைக்க வேண்டும்.

(இ) எங்கள் சபை வீட்டுக்குச் சுவர் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. மறைப்புத் துணி தரைவரை தொங்க வேண்டும். சென்ற முறை முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெரிந்தது. யாருடைய கால் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர்.

9. மேற்கண்டவரை எழுதி, உறையில் போடாமல் படுக்கைப் பாயின் அடியில் வைத்திருந்தேன். இன்று காலை வெயிலில் போடுவதற்காகப் பாயைச் சுருட்டியவர் என் கணவர். பாயைச் சுருட்டுவது ஒருநாளும் அவர் வேலை அல்ல, இன்று என்ன தோன்றியதோ. நான் சமையல் கொட்டகையிலிருந்து வரும்போது அவர் வாசற்படியில் உட்கார்ந்து, விரலை வரிமேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பிடுங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன், பிடுங்கவில்லை. பெனேஹே ஐயாவின் தங்கை மகன் இவர். சபை வீட்டில் ‘வேண்டும்’ என்று எல்லோருக்கும் முன்னால் உரக்கச் சொன்னவர். அதற்காக ஆண்களைத் திரட்டி வீடு வீடாகப் போனவர். இன்றோடு என் வாழ்வு முடிந்தது என்றே நினைத்தேன்.

அவர் கடைசித் தாள்வரை படித்தார். பிறகு எழுதுகோலைக் கேட்டார். எழுதியதையெல்லாம் அடித்துவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். அவர் எதையும் அடிக்கவில்லை. கீழே தம் பெயரை எழுதிக் கையொப்பம் இட்டார். தாள்களை மடித்து என் கையில் கொடுத்தபோது என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“கலக்கச் சொல்லியிருக்க இல்ல? நல்லாக் கலக்கச் சொல்லு.”

அவ்வளவு சொல்லிவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு உள்கடலுக்குள் போய்விட்டார்.

இந்தத் தீவில் எல்லோருடைய மனமும் எனக்குச் சந்தேகமாக இருந்த நாட்களிலும், இவர் மனம் ஒன்று தெரியும் என்று நினைத்திருந்தேன். ஏன் கையொப்பம் இட்டீர்கள் என்று நான் அவரைக் கேட்கப் போவதில்லை. நான் எதைக் குறிக்கப்போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை. நேற்றுவரை ஊருக்கு மட்டும் பயந்தேன். இப்போது அவருக்காகவும் பயப்படுகிறேன், அவர் எனக்காகப் பயப்படுகிறார் என்றும் தெரிகிறது. ஒரே கொசுவலைக்குள் படுக்கிறோம். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே வாக்குகள்.

ஆகவே, ஐயா அவர்கள் மூன்று பெட்டிகளிலும் உள்ள சீட்டுகளை, எது எந்தத் தீவு, எது எந்த வீடு, எது கணவன், எது மனைவி என்று கடவுளைத் தவிர ஒருவருக்கும் தெரியாதபடி நன்றாகக் கலந்து எண்ண ஆணையிடுமாறு மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: மோத்துஃபாலா
நாள்: 18 செப்டம்பர் 2007

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்) லெப்பேகா தோவியோ

(ஒப்பம்) தோவியோ, கூறு வைப்பவர்